நூறு கோழிக்கு ஒரு குப்பி

காலை ஆறரை மணிக்கு ஆட்டுக்கார ஆயாவின் குரல் தெருமுனையில் கேட்டதும், எங்கள் வீட்டு ஆடுகள் முளைக்குச்சியையே பிடுங்கிவிடுவதுபோல் இழுக்கும். பாட்டி தும்பை அவிழ்த்துவிட்டதுதான் தாமதம், மூன்றும் வாசலைத் தாண்டி ஓடும். எதிர்வீட்டிலிருந்து இரண்டு, மூலைவீட்டிலிருந்து நான்கு, தையற்காரர் வீட்டிலிருந்து ஒன்று. வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேரும்போது முப்பத்திரண்டு உருப்படிகள் கொண்ட ஒரே மந்தை ஆகியிருக்கும்.

அது 1979. எனக்கு ஒன்பது வயது. மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் மண் தெரு எங்களுடையது. பதினான்கு வீடுகள், அவற்றில் பதினொரு வீட்டில் ஆடு உண்டு. எந்த வீட்டிலும் நான்குக்கு மேல் இல்லை. அப்பா தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறிக் கடற்கரைக்கு வேலைக்குப் போவார். பக்கத்து வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். ஆட்டை நம்பிப் பிழைத்த குடும்பம் என்று சொல்ல ஒன்றிரண்டுதான் இருந்தன. ஆனாலும் எல்லோரிடமும் ஆடு இருந்தது. அவசரத்துக்கு விற்க, குழந்தைக்குப் பால் கொடுக்க, முருங்கைக்கும் அவரைப் பந்தலுக்கும் எரு போட. 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்' என்று பாட்டி சொல்வாள். ஆட்டுப் புழுக்கை மண்ணில் சீக்கிரம் பலன் காட்டும் என்று பொருள்.

ஆயா முப்பத்திரண்டையும் முடிச்சூர்ப் பக்கத்து ஏரிக்கரைக்கும் அறுப்பு முடிந்த வயல்களுக்கும் ஓட்டிப்போவாள். ஆட்டுக்கு மாதம் இரண்டு ரூபாய் கூலி. பொங்கலுக்கு எல்லா வீடும் சேர்ந்து ஒரு புடவை. இது தவிர, விடுமுறை நாளில் ஒரு வீட்டுப் பிள்ளை அவளுக்குத் துணையாகப் போக வேண்டும். எங்கள் முறை வரும்போது நான் போவேன். எந்த ஆடு நொண்டுகிறது, எது அசைபோடாமல் நிற்கிறது, எதற்குக் கழிச்சல் என்று அவள் பார்த்துக்கொண்டே நடப்பாள். சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்ததும் அந்தந்த ஆடு அந்தந்த வீட்டுக்குள் போய்விடும். கடைசி ஆடு நுழைந்த பிறகு அவள் வாசல் வாசலாக நின்று சேதி சொல்வாள்.

"கண்ணு, உங்க கருப்பிக்கு வவுறு உப்பிக்கினு இருக்குது. இன்னிக்கி ராத்திரி தவுடு வைக்க வேணாம்னு பாட்டிகிட்ட சொல்லு."

அந்த ஒரு வாக்கியம் ஓர் ஆட்டைக் காப்பாற்றும். ஆட்டைப் பகலெல்லாம் பார்த்தவள் அவள். இரவெல்லாம் பார்ப்பவர்கள் நாங்கள். இரண்டு பார்வையும் சேரும் இடம் எங்கள் வாசற்படி.

*

கோழி விஷயம் இன்னும் நெருக்கமானது. நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். எல்லா வீட்டுக் கோழியும் ஒரே நேரத்தில் அடைக்கு வராது. ஒரு வீட்டில் முட்டை இருக்கும், அடைக்கோழி இருக்காது. இன்னொரு வீட்டில் கோழி உட்கார்ந்துவிடும், கீழே வைக்க முட்டை இருக்காது. அதனால் எங்கள் தெருவில் முட்டை நடக்கும்.

பழைய கூடையில் ஆற்று மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, நான்கைந்து வீட்டு முட்டைகளை ஒரே கோழிக்கு அடை வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஓர் இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் கூடையில் செருகப்படும். எந்த முட்டை யாருடையது என்று தெரியக் கரியால் அடையாளம் போடுவோம். எங்களுக்கு ஒரு கோடு, எதிர்வீட்டுக்கு வட்டம், மூலைவீட்டுக்குப் பெருக்கல் குறி. இருபத்தொரு நாள். குஞ்சு பொரித்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் ஓடுகளைப் பொறுக்குவோம். ஓட்டில் இருக்கும் குறியை எண்ணித்தான் யாருக்கு எத்தனை குஞ்சு என்று கணக்கு. அடைக்கோழி வைத்திருந்த வீட்டுக்கு நாலில் ஒரு குஞ்சு கூலி.

கணக்குப் பிரித்துவிட்டாலும் குஞ்சுகளைப் பிரிப்பதில்லை. இரண்டு மாதம் வரை எல்லாம் அந்த ஒரு தாயின் இறக்கைக்குள்தான். பருந்து வட்டமிட்டால் எந்த வீட்டு வாசலில் யார் நின்றாலும் கை தட்டி விரட்டுவார்கள். அந்தக் குஞ்சில் தன் குஞ்சு எது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் கை தட்டினார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

*

1980ஆம் ஆண்டின் கோடையில் அந்தத் தெருவின் கோழிகளில் பெரும்பகுதி ஒரு வாரத்தில் செத்தது. முதல் நாள் தையற்காரர் வீட்டுச் சேவல் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. கழுத்து திருகிக்கொண்டது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டில். ஐந்தாம் நாள் பஞ்சாரத்தைக் கவிழ்க்க எங்களிடம் கோழியே இல்லை.

வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்வார்கள். மருத்துவர்கள் ராணிக்கேத் நோய் என்பார்கள். இங்கிலாந்தின் நியூகாஸிலில் 1926இல் இந்த நோயைக் கண்டார்கள்; அடுத்த ஆண்டே இமயமலை ஊரான ராணிக்கேத்தில் கண்டார்கள். அதனால் இந்தியாவில் அந்தப் பெயர். இதற்கு மருந்து இல்லை, தடுப்பூசிதான் உண்டு. அந்தத் தடுப்பூசிக்கான வைரஸ் வகையை அதே மலைப்பகுதியில் உள்ள முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில் 1940களில் பக்குவப்படுத்தினார்கள். நம் மாநிலத்தில் அதைத் தயாரிப்பது ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். நோய்க்கு ராணிக்கேத், மருந்துக்கு ராணிப்பேட்டை. அப்பா இந்த இரண்டு பெயரையும் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தில், நான் இன்றுவரை இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு புதிதாகக் கோழி வாங்கியதும் அப்பா மாட்டாஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி கேட்டார். அங்கிருந்த உதவியாளர் சொன்ன பதில் எங்கள் தெருவையே மாற்றியது.

"சார், குப்பியில நூறு கோழிக்கு மருந்து இருக்கு. உடைச்சுக் கலந்துட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சிடணும். நீங்க நூறு கோழி சேத்து வைங்க, நானே வந்து போட்டுட்டுப் போறேன்."

எங்களிடம் இருந்தது ஏழு கோழி. அப்பா ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எங்கள் தெருவில் அறுபத்திரண்டு தேறியது. பின்தெருவில் இருபத்தொன்று. மீதிக்கு, ஏரிக்கரை ஓரத்தில் ஆயா வாழ்ந்த குடிசைகள் வரை போனார். அதற்கு முன் அவர் அங்கே போய் நான் பார்த்ததில்லை. நோய் கோழியின் எச்சத்திலும் மூக்குநீரிலும் மனிதர்களின் காலிலும் ஏறித் தெருத்தெருவாக நடக்கும். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் ஊசி போட்டால் பக்கத்து வீட்டிலிருந்து அது திரும்பி வரும் என்று உதவியாளர் அவருக்கு விளக்கியிருந்தார். தன் கோழி பிழைக்க வேண்டுமென்றால் ஆயாவின் கோழியும் பிழைக்க வேண்டும்.

மார்க்கெட் பக்கத்து ஐஸ் கடையில் ஒரு கட்டி வாங்கி, உமியில் பொதிந்து, எவர்சில்வர் தூக்கில் வைத்து, அப்பாவுக்குப் பின்னால் நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். விடியற்காலையில், கோழி கூட்டைவிட்டு இறங்கும் முன், ஒவ்வொரு வாசலிலும் இறக்கையடித் தோலில் ஊசி. அந்த ஆண்டு எங்கள் பகுதியில் கோழி சாகவில்லை.

*

ஆடு இல்லாதவர்க்கு ஆடு வரும் வழியும் தெருவுக்குள்ளேயே இருந்தது. அதற்கு வாரத்துக்கு விடுதல் என்று பெயர். பாட்டி தன் பெட்டையாடு ஒன்றை ஆயாவின் மகளுக்கு வாரத்துக்கு விட்டிருந்தாள். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த பெண் அவள். ஆடு பாட்டியுடையது, மேய்ப்பும் பராமரிப்பும் அவளுடையது. ஐந்து மாதச் சினைக்குப் பிறகு போடும் குட்டியில் பாதி அவளுக்கு, பாதி எங்களுக்கு. பத்திரம் கிடையாது. நோயில் ஆடு செத்தால் வளர்த்தவள் மேல் கடன் கிடையாது. மூன்றே ஆண்டில் அவளிடம் சொந்தமாக நான்கு ஆடுகள் இருந்தன. அதில் ஒன்றை அவள் இன்னொருத்திக்கு வாரத்துக்கு விட்டாள்.

பின்னாளில் ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைப் பற்றிப் படித்தபோது வாரத்துக்கு விடும் இந்த வழக்கம்தான் நினைவுக்கு வந்தது. 1944இல் அமெரிக்காவிலிருந்து பியூர்டோ ரிக்கோவுக்குப் பதினேழு கிடேரிகளை அனுப்பித் தொடங்கிய அமைப்பு அது. பெற்றவர் முதல் பெண் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. உலகம் அதை ஒரு பெரிய யோசனையாகப் பாராட்டியது; பாராட்டத் தகுந்ததுதான். அதற்கு இணையான ஒரு கணக்கை எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள்.

திண்ணையில் என்று எழுதியதும் கை நிற்கிறது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஆயாவின் மகள் கீழே, வாசற்படியில். ஆயாவுக்கு எங்கள் வீட்டில் மோர் கொடுக்கும் அலுமினியத் தம்ளர் தனியாகக் கிணற்றடி மாடத்தில் இருந்தது. முப்பத்திரண்டு ஆடுகளும் ஒரே குட்டையில் நீர் குடித்தன. மனிதர்கள் ஒரே தம்ளரில் குடிக்கவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நான் இந்தத் தம்ளரைச் சொல்வேன். எங்கள் பகிர்வு உண்மையானது. அதில் பாரம் சுமந்தவர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

*

பிறகு தெரு மாறியது. 1990களில் முடிச்சூர்ப் பக்கத்து வயல்களில் கல் நட்டார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நகர் பெயர் வந்தது. மண் தெருவுக்குத் தார் போட்டார்கள், பிறகு அதன்மேல் சிமென்ட். தட்டியும் கள்ளிவேலியும் இருந்த இடத்தில் ஆளுயரச் சுவர் எழும்பியது. 2004இல் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் நின்று அகலப்பாதைக்கு மாறியது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. பதினான்கு வீடுகள் இருந்த தெருவில் இன்று அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள்.

மேய்ச்சல் நிலம் போனதால் ஆடு போயிற்று என்றுதான் நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் வரிசை வேறு. நிலம் முழுவதும் போகும் முன்பே எங்கள் மந்தை கலைந்துவிட்டது. முதலில் மூன்று வீடுகள் ஆட்டை விற்றன. பிறகு இரண்டு. முப்பத்திரண்டு பதினான்கானபோது ஆயாவுக்குக் கூலி கட்டுபடியாகவில்லை. அவளும் தளர்ந்திருந்தாள். மேய்க்க ஆளில்லாததால் இன்னும் நான்கு வீடு விற்றது. கடைசியில் எங்கள் வீட்டில் ஒரே ஓர் ஆடு மிஞ்சியது. மந்தை விலங்கு அது. ஒற்றையாய்க் கட்டிப்போட்டால் இரவு பகலாகக் கத்தும். சினைக்கு விட அக்கம்பக்கத்தில் கிடா இல்லை. ஒரு கிடா இருபது முப்பது பெட்டைக்குப் போதும். ஆனால் ஒரு பெட்டைக்காக யாரும் கிடா வளர்க்க மாட்டார்கள். 1994இல் அதையும் பாட்டி கொடுத்துவிட்டாள். பிடித்துப் போகிறவர் கையில் தும்பைக் கொடுக்கும்போது அவள் பேசியது ஆட்டைப் பற்றி அல்ல. "தெருவுல யாரும் இல்லடா" என்றாள். பதினான்கு வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள்.

ஆடு வளர்க்க ஒரு வீடு போதாது, ஒரு தெரு வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

*

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு. மறுநாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்து எங்கள் தெருவுக்குள்ளும் ஏறியது. இரவு பதினொரு மணிக்கு யாரோ கேட்டைத் தட்டினார்கள். இடுப்பளவு நீரில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு பெட்டையாடு. பின்னால் அவள் கணவர் இரண்டு ஆடுகளோடு. மகன் தலையில் மூடிய கோழிக்கூடை.

"அண்ணா, எங்க ஆயா ஒங்க ஊட்டு ஆடு மேச்சவங்க. மாடில கொஞ்சம் எடம் குடுங்க."

ஆயாவின் பேத்தி. நாற்பது அடி தள்ளி, அடுத்த தெருவில் இத்தனை ஆண்டும் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

எங்கள் மொட்டை மாடியில் மூன்று நாள் பதினேழு மனிதர்கள், மூன்று ஆடுகள், ஒன்பது கோழிகள். தரைத்தளக் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் அங்கேதான். மின்சாரம் இல்லை, பால் இல்லை. மாடியை உரசி நின்ற முருங்கையை ஒடித்து ஆடுகளுக்குப் போட்டோம். அரிசி களைந்த நீரை வைத்தோம். இரண்டாம் நாள் இரவு, தோளில் வந்த அந்தப் பெட்டை குட்டி போட்டது. நனைந்த இரவு, எலும்பைத் துளைக்கும் காற்று. பேத்தி குட்டியின் மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை விரலால் வழித்தாள். துணி கேட்டாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தன் உல்லன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அவர் மகள், ஏழு வயது, டார்ச் பிடித்தாள். தொப்புள்கொடியை நூலால் கட்டி அறுத்து, என் மனைவியின் மருந்துப் பெட்டியிலிருந்த அயோடின் வைத்தோம். "மொத ஒரு மணி நேரத்துல சீம்பால் உள்ள போவணும், இல்லன்னா குட்டி நிக்காது" என்று சொல்லி, ஆட்டின் மடியில் குட்டியின் வாயைச் சேர்த்துப் பிடித்தாள் பேத்தி. இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை அது வாலை ஆட்டிக் குடித்தபோது, மாடியில் அத்தனை பேரும் ஒரு சொல் இல்லாமல் நின்றிருந்தோம். அதுவரை நாங்கள் ஒருவரை ஒருவர் வீட்டு எண்ணால் மட்டுமே அறிந்திருந்தோம்.

வெள்ளம் வடிந்த பிறகும் அந்தச் சிறுமி தினமும் குட்டியைப் பார்க்கப் போனாள். சேற்றில் நின்று ஆடுகளுக்குக் குளம்பு அழுகியபோது அவள் அப்பாதான் வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனார்.

*

இப்போது எங்கள் தெருவில் ஒரு காலிமனையில் கோழிக்கூடு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மனைக்காரரிடம் அனுமதி வாங்கி, எட்டு வீடுகள் சேர்ந்து வைத்தது. இருபத்திரண்டு பெட்டை, இரண்டு சேவல். பேத்தியின் வீடு எட்டில் ஒன்று. கூடு எந்தத் திசை பார்க்க வேண்டும், தரை எவ்வளவு உயரம் வேண்டும் என்று சொன்னது அவள்தான். காட்டாங்கொளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பண்ணையும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. நாங்கள் நான்கு பேர் அங்கே பயிற்சிக்குப் போனோம். இந்தச் செங்கல்பட்டு மண்ணுக்கே உரிய மெட்ராஸ் ரெட் செம்மறிகளை அங்கே முதன்முதலாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன். செந்நிற உடல், கம்பளி இல்லாத குட்டை முடி. ஆயா ஓட்டிய மந்தையில் இவை இருந்தன. இப்படி ஒரு பெயர் உண்டென்று அப்போது யாரும் சொல்லவில்லை.

லண்டனில் கென்டிஷ் டவுன் என்னும் பகுதியில் 1972இல் நகரப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார்கள். ரயில் பாதை ஓரத்து இடத்தில் ஆடும் கோழியும் குதிரையும் வளர்த்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. அதைப் பின்பற்றிப் பல ஊர்களில் வந்தன. நகரம் பெரிதானால் விலங்கு போய்விடும் என்பது விதியல்ல என்று அவை காட்டுகின்றன. பார்த்துக்கொள்ளும் கைகள் சேர்ந்தால் ரயில் பாதை ஓரத்திலும் இடம் கிடைக்கிறது.

எங்களிடம் முறைப் பட்டியல் உண்டு. காலையில் திறந்துவிடுவது, தண்ணீர் மாற்றுவது, மாலையில் எண்ணி அடைப்பது. அன்று ஆயா வாசலில் நின்று சொன்ன சேதி இன்று எட்டுக் கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் விழுகிறது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது முட்டைதான் இடும். எட்டு வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு நாளுக்கு ஏறக்குறைய அரை முட்டைதான் வரும். முட்டைக்காக யாரும் இதைச் செய்யவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை என் முறை. கல்யாண வீட்டிலிருந்து திரும்ப இரவு ஒன்பதாகிவிட்டது. கூட்டை அடைக்கவில்லை. கீரி புகுந்து நான்கு கோழிகளைக் கடித்துப் போட்டிருந்தது. அவற்றில் ஒன்று, டார்ச் பிடித்த அந்தச் சிறுமி குஞ்சிலிருந்து வளர்த்தது. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் வீட்டுக்குப் போய், என் தவறு என்று சொன்னேன். அவள் அழுதாள், பதில் பேசவில்லை. மறுநாள் மாலை கூட்டருகே போனபோது அவள் அங்கே நின்றிருந்தாள். "தாத்தா, உங்க முறை அன்னைக்கு ஆறு மணிக்கு நான் ஃபோன் பண்றேன்" என்றாள். இன்றுவரை பண்ணுகிறாள். பொறுப்பைப் பகிர்வது என்றால் வேலையைப் பங்கு போடுவது என்று மட்டும் நினைத்திருந்தேன். இன்னொருவர் மறந்துபோவதையும் சேர்த்துச் சுமப்பது அது என்று ஒரு பதினைந்து வயதுப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

*

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அரசு கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன் போட்டுவிட வேண்டும். இந்த ஆண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அதே பதில் கிடைத்தது. குப்பியில் நூறு கோழிக்கு மருந்து. கலந்தால் இரண்டு மணி நேரம்.

எங்களிடம் இருபத்து நான்கு. மீதி எழுபத்தாறு கோழியை எங்கே தேடுவது? இந்தப் பகுதியில் கோழி வளர்ப்பவர்களே இல்லை என்று எட்டு வீட்டில் ஆறு வீடு சொன்னது. பேத்தி சிரித்தாள்.

"இருக்காங்கண்ணா. மதிலுக்குப் பின்னாடி இருக்காங்க. வாங்க, காட்டறேன்."

அப்பாவைப்போல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். இரும்புக்கடைக்குப் பின்புறம் ஒரு வீட்டில் பதினொன்று. தண்ணீர்த்தொட்டி சந்தில் ஆறு. கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையில் நான்கு. அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை, கோழியைக் காட்டி இறக்கையடியில் விரல் வைத்ததும் புரிந்துகொண்டார்கள். ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் மாடியில் பதினான்கு வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்களோ என்று பத்து ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லையாம். நான் இத்தனை காலம் கடந்துபோன கதவுகள் இவை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒருவர் தனியாகக் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்தால் தனியாகவே இழந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குப்பியை உடைத்தார்கள். பேத்தி கோழியின் இரண்டு இறக்கையையும் சேர்த்து மென்மையாக மடித்துப் பிடித்தாள். அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இப்போது பதினேழு. நோட்டில் எண்ணிக்கை குறித்தாள். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனபோது எண்ணிக்கை தொண்ணூற்றேழில் நின்றது. ஊசி போட்டவர் மிச்ச மருந்தைக் காட்டி, "பரவாயில்ல, மூணுதானே" என்றார்.

"பின்னாடி சந்துல ஒரு பெரியம்மா மூணு கோழி வெச்சிருக்காங்க. நேத்து ஊட்டுல இல்ல" என்று சொல்லிக்கொண்டே பேத்தி செருப்பை மாட்டினாள். "பத்து நிமிசம் இருக்குதுல்ல?"

நான் ஐஸ் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வேகமாக நடந்தேன்.